தர்ஷன் சிங்குடன் தஞ்சாவூர் ஜில்லாவில் ஐந்து நாள்

தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் இறங்கிய அரைமணி நேரத்துக்குள் தர்ஷன் சிங்கைப் பாடகர் ஆக்கிவிட்டார்கள். தை மாதம். திருவையாற்றில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், சிங்கின் தலைப்பாகையையும் தாடியையும் ஆறடி இரண்டங்குல உயரத்தையும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஹிந்துஸ்தானியா? என்ன பாணி?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க. நூறு கஜம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று எனக்கும் தெரியவில்லை. "நன்னா இருக்கட்டும்" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டு அவர் திருவையாறு பஸ்ஸில் ஏறிப் போனார்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சாமிநாதன். ஈப்போவில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. தர்ஷன் சிங் அங்கே எனக்கு மேலதிகாரி. ஆனால் அவரை யாரும் அதிகாரியாக நினைப்பதில்லை. ஒரு காலத்தில் நூறு கஜ ஓட்டத்தில் அவரை ஜெயிக்க மலாயாவில் ஆள் கிடையாது. இப்போது வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது, மூன்று பெண்களுக்குத் தகப்பன். இருந்தாலும் அவர் நடைமேடையில் நடந்து வந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் வீராசாமி என்ற தமிழர். திருத்துறைப்பூண்டி தாலுக்கா கீழமருதங்குடிக்காரர். எப்போதோ ஊர் திரும்பிவிட்டார். அவரை ஒருமுறை பார்க்க வேண்டும், எனக்குத் தமிழ் வராது, மொழிபெயர்க்க வா என்று சிங் கூப்பிட்டார். என் அப்பாவும் தஞ்சாவூர் ஜில்லாதான். எந்த ஊர் என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். நான் பிறந்தது மலாயா. இந்தியா எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. சரி என்று கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் எல்லாமே எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் காப்பியைக் கோப்பையில் ஊற்றித் தட்டில் ஆற்றிக் குடிப்போம். இங்கே டபராவில் கொதிக்கக் கொதிக்க வந்தது. எதை எதில் ஊற்றுவது என்று தெரியாமல் சிங் முழங்கைவரை நனைந்தார். ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியிருந்தார்கள். மாநிலத்தின் பெயரையே மாற்றிவிட்டார்களாம். பஸ்ஸில் புதுப்பெயர், அலுவலகச் சுவரில் பழைய பெயர். சுவர்களில் கறுப்பு சிவப்பு ஒரு பக்கம், வெறும் சிவப்பு ஒரு பக்கம். லாட்ஜ் மேனேஜர் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொன்னார். "இது ஆளுற கட்சிங்க, அது கூலிக்காரங்க கட்சி. ரெண்டும் ஒரு தேர்தல்ல சேர்ந்துதான் நின்னாங்க. இப்ப வயல்ல எதிரும் புதிருமா நிக்கறாங்க." எனக்குத் தலை சுற்றியது. பாஸ்போர்ட் இரண்டையும் பத்திரமாக இருக்கட்டும் என்று டிரங்குப் பெட்டியில் வைத்து லாட்ஜ் அறையிலேயே பூட்டினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த இரண்டு தவறுகளில் அது முதலாவது.

மறுநாள் திருத்துறைப்பூண்டி பஸ். வழியெல்லாம் அறுவடை. சாலையின் குறுக்கே வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். பஸ் அதன் மேல் ஏறிப் போவதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை, மாறாக ஏறச் சொல்லிக் கையசைத்தார்கள். மிச்சம் ஒட்டியிருக்கிற நெல் உதிர்ந்துவிடுமாம். ஒரு வாய்க்கால் பாலத்தில் பஸ் நின்றது. எதிரே வாத்துகள். நூறா ஆயிரமா, தெரியவில்லை. அறுத்த வயலில் மேய்ந்துவிட்டு அடுத்த வயலுக்கு மாறிக்கொண்டிருந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார்.

அந்த வாத்துகள் கடக்கும் நேரத்தில்தான் சிங் எனக்கு மலாயில் விஷயத்தைச் சொன்னார்.

அவர் அப்பா ஈப்போவில் மாடு வைத்துப் பால் கறந்து விற்றவர். விடியற்காலையில் சிங் பால் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஓடுவார். பள்ளிக்கூட மைதானத்தைக் குறுக்கே கடந்தால் வழி குறையும். அங்கே வீராசாமி வேலை செய்தார். புல் வெட்டுவது, உருளை இழுப்பது, ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர் வேலை. ஒரு நாள் பையனை நிறுத்தி, "உன் இடது கால் வெளியே சாய்ஞ்சு விழுது. அதை உள்ளே வாங்கினா நீ ஒரு கெஜம் மிச்சம் பிடிப்பே" என்றார். அதுவரை சிங் ஓடியதை அவர் பார்த்ததே இல்லை. மைதானத்தின் காலடித் தடத்தைப் பார்த்துச் சொன்னார். பத்து வருஷமாக அந்தப் பாதையில் யார் யார் எப்படிக் கால் வைக்கிறார்கள் என்று தினமும் காலையில் படித்தவர் அவர்.

அதன்பின் ஈயச் சுரங்கத்து மணல் மேட்டில் பயிற்சி. வீராசாமி ஒரு கரண்டியால் தரையில் இரண்டு சிறு குழி தோண்டி, அதில் பாதத்தை எப்படி வைத்துப் பாய வேண்டும் என்று காட்டினார். சிங் பள்ளியில் முதல், மாவட்டத்தில் முதல். பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் பக்கத்தில் நின்றவர் பள்ளியின் வெள்ளைக்கார மாஸ்டர். 'பயிற்சியாளர்' என்று அவர் பெயரைத்தான் போட்டார்கள். சிங்கும் மறுக்கவில்லை.

பிறகு மலாயா முழுக்கச் சேர்ந்த போட்டி, அவர்கள் ஊரிலேயே. இறுதி ஓட்டம். முடிவுக் கோட்டில் கட்டிய கம்பளி நூலின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் வீராசாமி. சிங்கும் லிம் என்ற சீனப் பையனும் சேர்ந்தே நூலில் விழுந்தார்கள். நடுவர்கள் சிங்குக்கு முதல் இடம் கொடுத்தார்கள். கூட்டம் தூக்கிக்கொண்டு ஆடியது. கூட்டம் கலைந்த பிறகு வீராசாமி நூலைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நூல் முதல்ல பட்டது லிம் நெஞ்சுல. போய்ச் சொல்லிடு, தர்சனா."

"நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன்" என்றார் சிங். "மாஸ்டர்கிட்ட போய், வீராசாமி நூலைத் தளர விட்டுட்டான், இனிமே அவனை முடிவுக் கோட்டுல நிறுத்தாதீங்கன்னு சொன்னேன். வேற யாரும் அவன் பேச்சைக் கேட்டுடக் கூடாதுன்னு பயம். மறுவாரம் அவனை வேலையிலேர்ந்தே நிறுத்திட்டாங்க. கப்பல் ஏறிட்டான்."

அந்த ஒரு வெற்றியினால்தான் தேசிய அணியில் இடம். வெளிநாட்டுப் போட்டிக்குப் போய் இரண்டாவது சுற்றில் தோற்றாலும், ரயில்வே வேலை, வீடு, பெயர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. மூன்று வருஷம் சாம்பியன். ஒரு நாள் பாதி ஓட்டத்தில் தொடைத் தசை கிழிந்தது, அதோடு முடிந்தது. போன வருஷம் ஒருவர் அவருடைய வாழ்க்கையை எழுத வந்தார். உங்கள் குரு யார் என்று கேட்டார். சிங் வழக்கம்போல மாஸ்டர் பெயரைச் சொன்னார். மறுநாளிலிருந்து சரக்குச் சீட்டுகளில் தப்புத் தப்பாக எழுத ஆரம்பித்தார். திருத்தியவன் நான். காரணம் வாத்துப் பாலத்தில்தான் தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்துக் காட்டினார். அந்தப் போட்டியின் பதக்கம். வீராசாமியிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். வாத்துகள் முடிந்து பஸ் கிளம்பியது.

கீழமருதங்குடி பிரிவில் ஒரு டீக்கடை. எங்களைச் சுற்றிக் கூட்டம். கடைக்காரர் சிங்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்திக்காரரா?" என்றார். தார் பூசிய பலகை என் ஞாபகத்துக்கு வந்தது. வம்பு வேண்டாம் என்று அவசரமாக, "இல்லைங்க, வங்காளி" என்றேன். மலாயாத் தமிழர்கள் பஞ்சாபிகளை அப்படித்தான் சொல்வோம். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. என் அம்மா பால் வாங்கியதும் 'வங்காளி'யிடம்தான். "வங்காளமா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். அந்த நாளில் வங்காளத்தில் ஆயுதம் எடுத்த விவசாயிகளைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் தினமும் செய்தி. அதை நான் படித்திருக்கவில்லை. வீராசாமி வீடு எது என்று வேறு கேட்டு வைத்தேன்.

"எந்த வீராசாமி? எந்தத் தெரு?"

"தெருப் பேர் தெரியலைங்க."

"நீங்க யாரு? உங்க அப்பா எந்த ஊரு?"

"இந்த ஜில்லாதான். ஊர் தெரியாது."

"ஊரு தெரியாதா? எந்தத் தெருன்னாவது தெரியுமா?"

தெரியாது என்றேன். அவர் கையிலிருந்த டீயை எந்தக் கிளாஸில் ஊற்றுவது என்று தெரியாதவர் போல நின்றார். அலமாரியில் ஒரு வரிசைக் கண்ணாடிக் கிளாஸ் இருந்தது, தட்டியில் தனியாக நாலைந்து அலுமினிய டம்ளர் தொங்கியது. அவர் குழப்பம் என்ன என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் கண்ணாடிக் கிளாஸில் கொடுத்தார்.

டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு அம்பாசடர் கார் வந்து நின்றது. ஊர் மிராசுதார் எங்களைக் கூட்டிவரச் சொன்னாராம். ஏன் என்று தெரியாமலே ஏறினோம். மனிதர் வாசலிலேயே காத்திருந்தார். மெலிந்த உடம்பு, தங்க பிரேம் கண்ணாடி, மரியாதையான பேச்சு. முதலில் சாப்பிடச் சொன்னார். புது அரிசிச் சோறு, கத்திரிக்காய்க் கூட்டு, பச்சை மொச்சை போட்ட குழம்பு, கட்டித் தயிர். சிங் மூன்று முறை சோறு வாங்கினார். வீட்டம்மா சந்தோஷத்தில் நெய்க் கிண்ணத்தை இலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

"எத்தனை குதிரை சக்தி?" என்று மிராசுதார் சிங்கைக் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். சிங் யோசித்து, "முன்னே நல்ல வேகம். இப்ப தொடை பிடிச்சுக்குது" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். மிராசுதார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஞ்சாபிலிருந்து டிராக்டர் விற்க வந்தவர் என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்கள் வந்தது வீராசாமியைப் பார்க்க என்று சொன்னதும் முகம் இறுகியது.

"எங்க காரியஸ்தர் கையை உடைச்ச கேஸ்ல எட்டாவது எதிரி அவன். தேடிக்கிட்டிருக்காங்க" என்றார். கோபமில்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வது போல் தொடர்ந்தார். "கூலியில அரைப்படி கூடக் கேட்டாங்க. முடியாதுன்னேன். வெளியூர் ஆளை வச்சு அறுத்தேன். வரப்புல வந்து மறிச்சாங்க. கிழக்கே ஒரு ஊர்ல குடிசையோட ஆளுங்களை எரிச்சாங்களே, அந்த மாதிரி ஆளு இல்ல நான். ஆனா உச்சவரம்புங்கறாங்க, குத்தகைப் பதிவுங்கறாங்க. நாளைக்கு எது என் நிலம்னு எனக்கே தெரியல."

திரும்பிப் போகும்போது கார் இல்லை. மாட்டு வண்டிதான் சொல்லிவிட்டார். பாதி வழியில் அச்சாணி கழன்று, சிங் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, வண்டிக்காரர் முளை அடித்தார். திருத்துறைப்பூண்டியில் ஒரு லாட்ஜில் படுத்தோம்.

மூன்றாம் நாள் ஊருக்குள் போகாமல், வயல் வழியாகக் கீழமருதங்குடியின் கிழக்குக் கோடிக்குப் போனோம். பனை ஓலைக் குடிசைகள். எங்களைக் கண்டதும் ஆண்கள் காணாமல் போனார்கள். பெண்கள் வாசலில் நின்றார்கள். வீராசாமியின் மகள் அஞ்சலை முப்பது வயதுக்காரி, கையில் அரிவாளோடு விறைப்பாக நின்றாள்.

"அவரு செத்துப் போயி ரெண்டு வருஷமாச்சு" என்றாள்.

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. சிங் வாய்க்கால் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டாவது எதிரி என்று மிராசுதார் சொன்னாரே, செத்தவர் மேல் எப்படிக் கேஸ் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் இந்த ஜில்லாவில் எனக்கு எதுதான் புரிந்தது. சிங் எழுந்து, அடக்கம் செய்த இடத்தைக் காட்டச் சொன்னார். அவள் தயங்கினாள். பிறகு அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு முன்னால் நடந்தாள்.

கோரையாற்றங்கரையில் கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு மண் மேடு. சிங் பூட்ஸைக் கழற்றினார். தலையைக் குனிந்து வெகுநேரம் நின்றார். அவர் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு மண்டியிட்டு, கைவிரலால் மேட்டின் ஓரத்தில் குழி தோண்டினார். கைக்குட்டையை அவிழ்த்துப் பதக்கத்தை எடுத்தார். அவ்வளவு பெரிய மனிதருக்குத் தோள் குலுங்கியது.

"எடுங்க அதை" என்றாள் அஞ்சலை. "அதை அங்க வைக்காதீங்கய்யா. இது என் வீட்டுக்காரரைப் பொதைச்ச எடம். அப்பா உசிரோடதான் இருக்காரு."

அழுதுகொண்டிருந்த சிங் என்னைப் பார்த்தார். சொன்னேன். பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தோஷப்படுவதா, யாரோ ஒருவரின் கல்லறையைத் தோண்டியதற்கு வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. தோண்டிய மண்ணை மெதுவாகத் திருப்பித் தள்ளி, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார். "எல்லாரும் உங்களைப் போலீசுன்னு சொன்னாங்க" என்றாள் அஞ்சலை. "போலீசு இப்படி அழுவாதுல்ல."

முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டு ஓரத்தில் ஒரு மீன்பிடிக் குப்பத்தின் பெயரைச் சொன்னாள். மறுநாள் காலையில் படகுத்துறையில் நில்லுங்கள், தகவல் போகும் என்றாள்.

நாலாம் நாள். உப்புக் காற்று, சேற்று வாடை. மரங்கள் வேரை மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. மலாயாவில் கடலோரம் முழுக்க இதே மரம்தான். பயணத்திலேயே முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒன்றைப் பார்த்தேன். சிங்குக்கும் அப்படித்தான். "பாக்காவ்" என்று மலாயில் அந்த மரத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்தது. நாலு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். சிங்கைப் பிடிக்க இரண்டு பேர், என்னைப் பிடிக்க ஒருவர், நான்காமவர் எங்கள் பிஸ்கட் பொட்டலத்தைச் சோதனை போட்டார்.

எந்த ஸ்டேஷன் என்று எழுத விரும்பவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், எங்களைவிட அவர்தான் பயந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"வங்காளத்துலேர்ந்து எப்ப வந்தான்?"

"இவர் பஞ்சாபிங்க. மலாயாவிலேயே பிறந்தவர்."

"வங்காளின்னு நீதானே டீக்கடையில சொன்னே?"

"எங்க ஊர்ல பஞ்சாபியை வங்காளின்னுதான் சொல்லுவோம்."

"ஏன்?"

"தெரியலைங்க. அந்தக் காலத்துல கல்கத்தாவுல கப்பல் ஏறி வந்ததாலயோ என்னவோ."

"அப்ப கல்கத்தாத் தொடர்பு இருக்கு" என்று எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட் எங்கே என்றார். தஞ்சாவூர் டிரங்குப் பெட்டியில் என்றேன். நான் வாயைத் திறக்கத் திறக்கக் கேஸ் பெரிதாகிக்கொண்டே போனது. மத்தியானம் ஆயிற்று. ஒரு கான்ஸ்டபிள் பொட்டலத்தில் எலுமிச்சம்பழச் சோறு வாங்கிக் கொடுத்தார். சிங் பாதி பெஞ்சை அடைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணி இருக்கும். வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது தாண்டிய ஒல்லியான உடம்பு. முழங்கால் வரை சேறு, இடுப்பில் நனைந்த வேட்டி.

"ஐயா, அவரை விட்டுடுங்க. அவரு ஓட்டக்காரரு" என்றார்.

"நீ யாரு?"

"கீழமருதங்குடி வீராசாமி."

சப்-இன்ஸ்பெக்டர் அவசரமாகக் காகிதங்களைப் புரட்டினார். "எட்டாவது எதிரி வீராசாமியா?"

"எட்டோ ஒம்பதோ தெரியாதுங்க. வீராசாமி நான்தான்."

துறையில் எங்களைப் பிடித்ததைப் படகுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டு, சேற்றிலும் தண்ணீரிலுமாக நடந்தே வந்திருக்கிறார். சிங் எழுந்து போய் அவர் காலைத் தொடக் குனிந்தார். "விடு, காலெல்லாம் சேறு" என்று மலாயில் சொல்லி அவர் பின்வாங்கினார். பிறகு சிங் நின்ற தரையைப் பார்த்தார். சிமெண்டில் சேறு காய்ந்த பூட்ஸ் தடம். "இடது கால் இன்னும் வெளியேதான் சாயுது" என்றார்.

அதன்பின் இருவரும் மலாயிலேயே பேசினார்கள். மொழிபெயர்ப்பாளனாக வந்த எனக்கு வேலையே இல்லை. எனக்குப் புரிந்தது, போலீஸ்காரர்களுக்குப் புரியவில்லை. மலாயில் 'லாரி' என்றால் ஓட்டம். வாய்க்கு வாய் லாரி, லாரி என்று வந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை நிமிர்த்தினார். "எந்த லாரி? என்ன ஏத்தி வருது?" என்றார். ஓட்டத்தைச் சொல்கிறார்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

சிங் சொல்ல வந்ததைச் சொன்னார். மாஸ்டரிடம் போய்ப் புகார் சொன்னது தான்தான் என்றார்.

வீராசாமிக்குப் புரியவில்லை. "என்ன புகார்?"

"நூலைத் தளர விட்டீங்கன்னு. அதுக்குத்தான் உங்களை நிறுத்தினாங்க."

வீராசாமி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த வாரம் சுண்ணாம்பு மூட்டை ஒன்று காணாமல் போயிருந்ததாம். திருடினேன் என்று நினைத்துத்தான் நிறுத்திவிட்டார்கள் என்று இத்தனை காலமாக நம்பியிருந்தார். "எங்க வீட்டுலகூடச் சொன்னதில்லை. திருட்டுப் பட்டத்தோட வந்தேன்னு எப்படிச் சொல்றது" என்றார். "அப்ப என்னைத் திருடன்னு அவங்க நினைக்கல."

அவர் முகத்தில் இருந்தது கோபமா நிம்மதியா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சிங்குக்கும் தெரியவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டே பதக்கத்தை நீட்டினார். வீராசாமி அதை வாங்கவில்லை.

"நூல் பட்டது அந்தப் பையன் நெஞ்சுல. லிம். அவன் இருக்கானா?"

"இருக்கான்."

"எங்கே?"

"ஈப்போவுலதான். சைக்கிள் கடை வச்சிருக்கான். என் வீட்டுலேர்ந்து ரெண்டு தெரு."

வீராசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இங்க எதுக்கு வந்தே?" என்றார்.

சிங் பதக்கத்தைத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்தார். எனக்கும் அந்தக் கேள்வி அதுவரை தோன்றவில்லை. அந்த லிம் கடையில் நானே எத்தனையோ முறை டயருக்குக் காற்று அடித்திருக்கிறேன்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தகவல் போய், தஞ்சாவூர் லாட்ஜ் மேனேஜர் அன்று இரவே பெட்டியோடு வந்து பாஸ்போர்ட்டைக் காட்டியதும் எங்களை விட்டுவிட்டார்கள். வீராசாமியை விடவில்லை. கட்சி வக்கீல் ஒருவர் வந்து ஜாமீன் எடுக்கப் பல நாள் ஆயிற்று என்று அஞ்சலை யாரையோ விட்டு எழுதிய கடிதத்தில் தெரிந்துகொண்டோம். கேஸ் முடிந்ததா என்று தெரியாது. சிங் ஊர் திரும்பி ஒரு மாதம் லிம்மின் கடை இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை போனார். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். லிம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கு அப்படித்தான் அன்றைக்கே தோன்றியது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டதாகச் சொன்னாராம். பதக்கத்தை வாங்கி எண்ணெய்த் துணியில் துடைத்து, கல்லாப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் காத்திருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டாராம். வாழ்க்கை வரலாறு எழுதியவருக்கு, ஜெயித்தவர் லிம் என்று சிங் கடிதம் போட்டார். பதில் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் வீராசாமியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். ஜீப் வேறு வேலையாகப் போய்விட்டது என்று டவுன் பஸ்ஸிலேயே ஏற்றினார்கள். கைவிலங்கு இல்லை, இரண்டு பக்கமும் கான்ஸ்டபிள்கள். எங்கள் தஞ்சாவூர் பஸ் எதிர்த் திசையில் நின்றுகொண்டிருந்தது. நான் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பினால் சிங்கைக் காணோம். கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னலில் தலைப்பாகை தெரிந்தது. பெட்டியை இறக்கிக்கொண்டு நானும் ஓடிப்போய் ஏறினேன்.

கான்ஸ்டபிள்களில் ஒருவர் எழுந்து இடம் விட்டிருந்தார். சிங் வீராசாமிக்குப் பக்கத்தில், முழங்கால் முன் சீட்டில் முட்ட, ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அறுத்த வயல்களும் அறுக்காத வயல்களும் ஜன்னலில் மாறி மாறிப் போயின. யாருடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நிறுத்தம் தாண்டியது. வீராசாமி ஜன்னல் ஓரமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தொடை பிடிச்சுக்கும். காலை நீட்டிக்கோ" என்று மலாயில் சொன்னார்.